கல்பனா பேரில் இருபத்திரண்டு லட்சம்

வங்காளத்துக் கிடர்பூரில் பாபு பஜாருக்குப் பின்னால், மாடியில் ஒன்றரை அறை வீட்டில் குடியிருந்த கல்பனாவின் பேரில் இருபத்திரண்டு லட்ச ரூபாய் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். வீட்டு மின்விசிறி எட்டு வருஷமாக ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது என்பதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்கு நேரம் வாய்த்ததில்லை. காலை ஐந்து மணிக்கு கிரைண்டரைப் போட்டால் ஒன்பது மணி வரைக்கும் அதன் சத்தத்தோடுதான் பிழைப்பு.

லேக் மார்க்கெட்டிலிருந்து இட்லி அரிசி வரும். இந்த ஊர் புழுங்கலரிசியில் இட்லி செங்கல்லாகிவிடும் என்று கல்யாணமாகி வந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். உளுந்தைத் தனியாக, தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து ஆட்டி எடுப்பாள். ஒரு கிலோ ஒரு பாக்கெட். நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள், ஊரை விட்டு வந்து ரொட்டியில் நாக்கு செத்துப்போனதுகள், வாரத்துக்கு எண்பது பாக்கெட் வாங்கிக்கொள்வார்கள். பைக்கில் ஒருத்தன் வந்து எடுத்துப் போவான். அந்தக் காசில்தான் அரிசி, பருப்பு, மீன், கரண்ட் பில் எல்லாம் ஓடியது. பதினாறு வருஷமாக அப்படித்தான்.

அவள் புருஷன் கோபுவின் சம்பளம் வீட்டுக்குள் வராது. அவன் குடிகாரன் இல்லை, சீட்டாடுகிறவன் இல்லை. அப்படி ஏதாவது இருந்தாலாவது தெருவில் நாலு பேரிடம் சொல்லி அழலாம். கோபு சேமிப்புக்காரன்.

கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் அவன் ஜெட்டி சர்க்கார். பேர்தான் சர்க்கார். சரக்கு இறக்குமதி செய்கிறவர்களுக்காகச் சுங்கத்தில் மேஜை மேஜையாகத் தாள்களை நகர்த்தி, பெட்டியை வெளியே கொண்டுவருகிற வேலை. சரக்குக்காரன் டெல்லியில் இருப்பான், கையெழுத்து கிடர்பூரில் விழ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தபால் அனுப்பிக்கொண்டிருந்தால் பெட்டி துருப்பிடித்துப் போகும். ஆகவே கோபு போட்டுவிடுவான். குப்தா கையெழுத்து, அகர்வால் கையெழுத்து, செத்துப்போன ஒரு மார்வாடியின் கையெழுத்து என்று முப்பது பேருடையது அவன் விரலில் இருந்தது. துறைமுகத்தில் யாரும் இதைத் தப்பு என்று நினைப்பதில்லை. கையெழுத்து வராத சர்க்காரைத்தான் உதவாக்கரை என்பார்கள்.

அவன் அப்பாவும் தூத்துக்குடியிலிருந்து வந்து இதே துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற விஞ்ச் ஓட்டியவர். கப்பலின் அடித்தட்டில் விழுந்து செத்தார். கோபுவுக்கு அப்போது பதினாலு வயது. நஷ்டஈட்டுக்காக அம்மா ஏறி இறங்கிய படிகளை எல்லாம் அவனும் கூடவே ஏறி இறங்கியிருக்கிறான். அந்தப் பயம் அவனை விட்டுப் போகவே இல்லை. போதாததற்குப் பிள்ளையும் பிறக்கவில்லை.

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஐந்தாம் தேதிக்குள், பதினைந்து வருஷம் பூட்டிவைக்கிற பி.பி.எஃப். கணக்கில் பணம் கட்டிவிடுவான். ஆறாம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி போச்சு. தன் பேரில் ஒன்று, கல்பனா பேரில் ஒன்று. கட்டிவிட்டு வந்த அன்றைக்கு மட்டும் அவனுக்கு வாய் திறக்கும்.

"ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஒண்ணரை லட்சத்துக்கு மேல உள்ள விட மாட்டான். புருஷன் பொண்டாட்டின்னா ரெண்டு ஆளு, ரெண்டு கணக்கு. வட்டிக்கு ஒத்தப் பைசா வரி கெடையாது. கேட்டியா?"

"கேட்டுக்கிட்டுதான இருக்கேன்."

"உனக்கு நான் குடுக்கது பரிசு. பரிசா குடுத்த பணத்துல வார வருமானத்த புருஷன் கணக்குலதான் சேப்பான். ஆனா இந்த வட்டிக்குத்தான் வரியே இல்லையே. சேத்தா என்ன, சேக்காட்டி என்ன?" என்று சொல்லி, சுங்க அதிகாரியை ஏமாற்றிவிட்டவன் போலச் சிரிப்பான்.

யாராவது கேட்டால் காட்டுவதற்கு வருஷா வருஷம் ஒரு தாள் எழுதி ஃபைலில் வைப்பான். 'என் மனைவி கல்பனாவுக்கு, அவள் மீதுள்ள இயல்பான அன்பினாலும் பாசத்தினாலும் இந்தத் தொகையைப் பரிசாகக் கொடுக்கிறேன்' என்று இங்கிலீஷில் இருக்கும். கல்பனாவிடம் அவன் வாயால் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வருமான வரிக்காரனிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் ஏப்ரல் பாதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்பனா சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தபோது மதுரையிலிருந்து போன் வந்தது. தங்கச்சி பூங்கோதையின் மகள் பூர்ணிமா.

"பெரியம்மா, அம்மாவ மதுரைக்குக் கொண்டாந்திருக்கோம். கம்பெனில எறால் உரிச்சிக்கிட்டு இருக்கும்போதே தலைய வலிக்குன்னு விழுந்துட்டாவ."

"என்னட்டி சொல்லுத? இப்ப எப்படி இருக்கா?"

"பேசுதாவ. தலைக்குள்ள ஒரு ரத்தக்கொழா வீங்கியிருக்காம். ஒருதடவ கசிஞ்சிருக்கு. இன்னொரு தடவ வெடிச்சிச்சுன்னா..." அதற்கு மேல் அந்தப் பிள்ளையால் சொல்ல முடியவில்லை.

போன் கை மாறியது. பூங்கோதை வந்தாள். அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, கொஞ்சம் இழுவையாக.

"யக்கா, பயப்படாத. உள்ள ஒரு கொப்புளமாம். தொடை வழியா கம்பிய விட்டு அடைப்பாவளாம். தலைல போவுற கம்பிய தொடைல விடுதாவ பாரு, அதிசயந்தான்."

"எவ்வளவுடி கேக்காவ?"

"அத விடுக்கா. அத்தான் நல்லா இருக்காவளா?"

"எவ்வளவுன்னு கேக்கேன்லா."

மறுபடி பூர்ணிமாதான் சொன்னாள். அரசாங்கக் காப்பீடு போக ஏழு லட்சம். தலைக்குள் வைக்கிற சாமானைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், பணம் கட்டினால்தான் அனுப்புவான். வெள்ளிக்கிழமைக்குள் செய்தால் நல்லது, தள்ளிப்போட்டால் எங்களைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பூங்கோதையின் புருஷன் எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே எங்கேயோ போய்விட்டவன். வீடு வாடகை வீடு. கழுத்தில் கிடப்பது கவரிங்.

சோற்றைப் பரிமாறிவிட்டு, கோபு இரண்டாவது கை வைக்கும்வரை கல்பனா பொறுத்தாள்.

"எம் பேர்ல உள்ளதுல ஏழு லட்சம் எடுக்கணும்."

கோபு சோற்றைப் பார்த்தபடியே சொன்னான். "அத எடுக்க முடியாது."

"எடுக்கலாம்னு நீங்கதான சொன்னிய. பதினஞ்சு வருசம் முடிஞ்சாச்சு, அஞ்சு வருசம் நீட்டிருக்கு, நடுவுல வருசத்துக்கு ஒருதடவ எடுக்கலாம்னு."

"எடுக்கலாம். எடுத்தா திரும்ப உள்ள போட முடியுமா? ஒண்ணரைக்கு மேல விட மாட்டான். ஏழு லட்சத்த மறுபடி உள்ள கொண்டுபோவ அஞ்சு வருசம் ஆவும். அதுக்குள்ள எனக்கு வேலை முடிஞ்சிரும். வரியில்லாத எடம் கல்பனா அது. விட்டா விட்டதுதான்."

"எந் தங்கச்சி செத்துப்போயிருவா."

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரில கேக்கச் சொல்லு. நானும் நாலு பேர்கிட்ட கேக்கேன். நாளைக்கி நமக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா? பிள்ளையா குட்டியா? எங்கம்மா ஏறுன படிய நீ ஏறணுமா?"

"அது என் பணந்தான? பரிசுன்னுல்லா எழுதி வச்சிருக்கிய?"

"அது வரிக்கு எழுதுனது" என்றான் கோபு. பிறகு கையைக் கழுவிக்கொண்டான். சொதி அப்படியே கிடந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு கல்பனா பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு, தூக்குப் பாலத்தைத் தாண்டி பேங்குக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அவள் தனியாக அந்தப் படி ஏறுவது அதுதான் முதல் தடவை. கவுன்ட்டரில் இருந்தவள் மீரா. எல்லாரும் அக்கா முறை வைத்து மீராதி என்று கூப்பிட்டார்கள். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி, காட்டன் சேலை, அவசரப்படாத பேச்சு. பாரத்தை அவளே நிரப்பிக் கொடுத்து, இங்கே போடுங்கள் என்று விரல் வைத்துக் காட்டினாள். கல்பனா தமிழில் கையெழுத்துப் போட்டாள். தூத்துக்குடியில் பத்தாம் வகுப்பு வரை படித்த குண்டு குண்டான எழுத்து.

மீரா அதைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

"பௌதி, இது என்ன எழுத்து?" என்று வங்காளத்தில் கேட்டாள். இங்கே அண்ணி முறை வைத்துத்தான் கல்யாணமான எல்லாப் பெண்களையும் கூப்பிடுவார்கள்.

"தமிழ். என் பேரு."

"எங்ககிட்ட இருக்கறது இங்கிலீஷ்ல இருக்கே."

திரையைக் கல்பனா பக்கம் திருப்பினாள். ஜி. கல்பனா என்று இங்கிலீஷில், வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிற எழுத்து. அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளி யாருடையது என்று கல்பனாவுக்குத் தெரியும். கோபு பால்காரனுக்கு எழுதிவைக்கிற சீட்டில்கூட அது இருக்கும்.

தேதியைக் கேட்டாள். இரண்டாயிரத்துப் பதின்மூன்று, ஏப்ரல் மூன்று. அந்த நாலு மாசம் அவள் தூத்துக்குடியில் அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளிக்கொண்டிருந்தாள். பேங்கில் புதுக் கம்ப்யூட்டர் போட்டு எல்லாரிடமும் புதுக் கையெழுத்து அட்டை கேட்டிருக்கிறார்கள். 'ஒரு கார்டு கேட்டான், குடுத்துட்டேன்' என்று கோபு போனில் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு அவளிடம் அவன் எந்தத் தாளையும் நீட்டவில்லை. எல்லாம் கம்ப்யூட்டரிலேயே ஆகிறது போல என்று அவளும் நினைத்துக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கணக்கை நீட்டித்த பாரத்திலும் அதே சாய்வு, அதே இரண்டு புள்ளி.

"இது நான் போடல தீதி."

மீரா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அப்ப யாரு போட்டா?"

கல்பனா திரையை அவள் பக்கமே திருப்பிவைத்தாள்.

"இங்க பாருங்க பௌதி. கையெழுத்த மாத்தணும்னா மாத்தலாம். அதுக்குப் பழைய கையெழுத்தும் போட்டு, புதுசும் போடணும். பழசு என்னுதே இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்தா நான் மேல அனுப்பியே ஆகணும். கணக்க முடக்கிருவாங்க. போலீஸ் வரும், உங்க வீட்டுக்காரரத் தேடி வரும். பணம் கையில கிடைக்க வருஷக்கணக்காகும். யோசிச்சுக்குங்க."

கல்பனா தன் கையெழுத்தை, தான் போட்ட தாளிலேயே, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமானது செல்லாது, பொய்யானதுதான் செல்லும் என்பதை நம்ப அவளுக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

அன்று சாயங்காலம் கோடைப்புயல் அடித்தது. வடமேற்கே வானம் கறுத்து, தகரங்கள் படபடவென்று அடித்துக்கொண்டு, பத்து நிமிஷத்தில் தெருவெல்லாம் மாவிலையும் தண்ணீரும். கரண்ட் போய்விட்டது. கோபு நனைந்து வந்தான். துண்டைக் கொடுத்துவிட்டு கல்பனா கேட்டாள்.

"எங் கையெழுத்த நீங்க போட்டியளா?"

அவன் மறைக்கவில்லை. "நீ ஊர்ல இருந்த. கார்டு குடுக்காட்டி கணக்க நிறுத்தி வச்சிருவான். அஞ்சாந் தேதி போயிருக்கும்."

"அதுக்குப் பொறவு என்கிட்ட சொல்லலாம்லா?"

"சொல்லி என்ன ஆவப் போவுது? நல்லதுக்குத்தான போட்டேன்."

"சரி. இப்பவும் நல்லதுக்குத்தான் கேக்கேன்." பாரத்தை அவன் முன்னால் வைத்தாள். "ஒரு கையெழுத்துப் போடுங்க."

கோபு பாரத்தைத் தொடவில்லை. "அது குத்தம் கல்பனா. ஃபோர்ஜரி. ஜெயில்ல போட்டிருவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு வந்ததில்லை.

"ஊருக்கெல்லாம் போடுதிய. செத்தவனுக்குப் போடுதிய. எனக்குப் பன்னெண்டு வருசமா போட்டிருக்கிய."

"அதெல்லாம் உள்ள போடுததுக்குப் போட்டது. வெளிய எடுக்கதுக்குப் போட்டாத்தான் ஃபோர்ஜரி" என்றான் கோபு. அவன் அதை மனப்பூர்வமாக நம்பினான். அதுதான் கொடுமை.

செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குப் போனதும் கல்பனா ஃபைலை இறக்கினாள். நீட்டிப்புப் பாரத்தின் நகலை எடுத்து அரிசி டப்பா மேல் சாய்த்துவைத்தாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்க, தரையில் உட்கார்ந்து, மாவு டெலிவரி சீட்டுகளின் முதுகில் எழுதத் தொடங்கினாள். முதலில் எழுத்து எழுத்தாக வரைந்தாள், அது கோலம் போல வந்தது. பிறகு கோபு எப்படிப் பேனா பிடிப்பான் என்று யோசித்தாள். அவன் கட்டைவிரலை மேலே தூக்கிப் பிடிப்பான். ஜி-யைக் கீழேயிருந்து ஆரம்பிப்பான். கோட்டை வலதிலிருந்து இடதுக்கு இழுப்பான், அவசரத்தில். அவன் கூட இருந்த காலமெல்லாம் பார்த்த கைதானே. உளுந்து பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் எழுதினாள். புதன்கிழமையும் எழுதினாள். அன்று மத்தியானம் ஒரு சீட்டில் தானாகவே விழுந்தது. நகலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எது என்று அவளுக்கே தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம், அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சீட்டுகளை எல்லாம் அடுப்பில் காட்டி எரித்தாள்.

பூங்கோதை பேசுவதை நிறுத்தியிருந்தாள். கண் ஒன்று மூடிக்கொண்டது என்று பூர்ணிமா சொன்னாள்.

"நாளைக்கிப் பணம் வந்துரும்னு டாக்டர்ட்ட சொல்லுட்டி. பெரியம்மா சொன்னேன்னு சொல்லு."

வியாழக்கிழமை கப்பல் ஒன்று உள்ளே வருகிறது என்று பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். லாரிகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே வெயிலில் நாற்பது நிமிஷம். பேங்குக்குள் நுழையும்போது மணி இரண்டரை. கல்பனா இரண்டு பாரத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒன்று, பணத்தை அவளுடைய சேமிப்புக் கணக்குக்கு எடுக்க. இன்னொன்று, அங்கிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப. கோடு, இரண்டு புள்ளி.

மீரா நீண்ட நேரம் பார்த்தாள். திங்கட்கிழமை வந்த அதே பெண்தான், அதே ஆதார்தான். மீரா எதையும் கேட்காமல் முத்திரை குத்தினாள்.

"உங்க கணக்குக்கு இப்பவே வந்துரும். ஆஸ்பத்திரிக்குப் பெரிய தொகை, இன்னொரு ஆபீசர் பாஸ் பண்ணணும். அவர் கிளம்பிட்டார். நாளைக்குக் காலையில முதல் வேலையா அனுப்பிர்றேன்."

கல்பனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வங்காளத்தில் நன்றி சொல்ல வாய் வராமல் தமிழிலேயே என்னவோ சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது கோபு நேரத்தோடே வந்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை, கையில் போன். அவள் கணக்குக்கும் அவன் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தான்.

"கேட்டியா, எவனோ களவாணிப்பய உங் கணக்குலேருந்து ஏழு லட்சத்த உருவிட்டான். மெசேஜ் வந்திச்சு. நல்லவேள, வெளிய போவுததுக்குள்ள ஹெல்ப்லைனுக்குப் போனப் போட்டு அடைச்சிட்டேன். ஒத்தப் பைசா வெளிய போவாது."

அவன் பெருமையோடுதான் சொன்னான். கல்பனா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நாந்தான் எடுத்தேன்."

"நீயா? எப்படிக் குடுத்தான்? கையெழுத்து?"

"உங்க கையெழுத்தப் போட்டேன்."

கோபு போனைக் கவிழ்த்துவைத்தான். கீழே தெருவில் யாரோ தர்பூசணி விற்றுக்கொண்டு போனான்.

"போனப் போட்டு, களவு இல்ல, எம் பொண்டாட்டிதான்னு சொல்லுங்க."

"இரு. கொஞ்சம் யோசிக்கணும்."

"என்னத்த யோசிக்கப் போறிய? ஒரு கண்ணு மூடிட்டு அவளுக்கு." அவள் தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்தாள். கல்யாணத்தன்றைக்குக் கும்பிட்டு விழுந்ததற்குப் பிறகு அவள் தொடாத கால். "அவ உங்களயும் கேட்டா. அத்தான் நல்லா இருக்காவளான்னுதான் மொதல்ல கேட்டா."

கோபு அவளைத் தூக்கி உட்காரவைத்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "காலைல நானே பேங்குக்கு வாரேன். ரெண்டு பேருமா போவோம். அழாத."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய? நாலு நாளில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினாள். காலையில் எழுந்தபோது கோபு இல்லை. ஆறரைக்கே துறைமுகத்துக்குப் போய்விட்டான். போனை அணைத்து வைத்திருந்தான்.

பத்து மணிக்கு பேங்கில் மீரா தலையைக் குனிந்துகொண்டாள். மோசடி என்று புகார் வந்திருக்கிறது, கணக்கு அடைத்தாயிற்று. புகார் சொன்ன போன் யாருடையதோ அவர் வந்து எழுதிக் கொடுத்தால்தான் திறக்கலாம், தன்னால் ஆகாது. கல்பனா அங்கிருந்து துறைமுகத்து வாசலுக்கு ஓடினாள். பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று காவலுக்கு நின்றவன் சொன்னான். அவள் ஹிந்தியில் கெஞ்சினாள், வங்காளத்தில் கெஞ்சினாள். கோபு பாபு, கோபு பாபு என்று உள்ளே போகிற ஒவ்வொரு ஆளிடமும் சொல்லி அனுப்பினாள். லாரிப் புழுதி வாயெல்லாம் அப்பிக்கொண்டது. இரண்டு மணி நேரம் அந்த வெயிலில் நின்றாள். உள்ளே ஆள் போய்ச் சொன்னது கோபுவுக்கு எட்டியது என்பது பிறகு தெரிந்தது. இதோ வாரேன் என்று சொன்னானாம்.

பன்னிரண்டே காலுக்கு பூர்ணிமா கூப்பிட்டாள். பெரியம்மா என்றுகூடச் சொல்லவில்லை, ஓலம் மட்டும்தான் வந்தது.

ஹவுராவிலிருந்து ரயில் ஏறினால் போய்ச்சேர இரண்டு நாள் ஆகும். பிளேனுக்கு அவளிடம் காசில்லை, அவள் பேரில் இருந்த கணக்கு அடைத்துக் கிடந்தது. சனிக்கிழமை காலை, பூர்ணிமாவின் சிநேகிதி ஒருத்தி போனைத் தூக்கிப் பிடிக்க, ஒன்றரை அறை வீட்டில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல்பனா தங்கச்சியைக் கடைசியாகப் பார்த்தாள். தாடையைச் சேர்த்துத் தலையில் கட்டு. ஒரு கண் சரியாக மூடாமல் இருந்தது. நடுவே படம் இரண்டு தடவை நின்றுபோயிற்று.

கோபு அழுதான். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். "ஒரு ராத்திரிதான யோசிச்சேன். ஒரு நா பொறுக்காதுன்னு எனக்கெப்படித் தெரியும்? மத்தியானம் வரணும்னுதான் இருந்தேன் கல்பனா, சத்தியமா." அவள் அவனுக்குச் சோறு வைத்தாள். பேச்சுதான் இல்லை.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் இருவரையும் கூப்பிட்டிருந்தார். புகார் என்று ஒன்று பதிவானபிறகு விசாரித்துத்தான் முடிக்க முடியும். பாலத்தின் மேல் நடக்கும்போது கோபு சொல்லிக்கொண்டே வந்தான்.

"ரெண்டு கையெழுத்தையும் காட்டி உன்னுதான்னு கேப்பான். ஆமான்னு சொல்லு. அது ஒண்ணு போதும். தெரியாம பயந்து போன் பண்ணிட்டேன்னு நான் சொல்லிக்கிடுதேன். கணக்கத் தெறந்து குடுத்திருவான். எடுத்த ஏழ உள்ள போட முடியாது. பரவால்ல, மிச்சம் பதினஞ்சு இருக்குல்லா. அது அப்படியே இருக்கட்டும். பூர்ணிமா படிப்புக்குக்கூட வேணும்னா, பின்னால, பாத்துச் செய்யலாம்."

கல்பனா பாலத்துக்குக் கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேனேஜர் அறையில் ஏ.சி. ஓடியது. மேஜையில் இரண்டு தாள். பதின்மூன்றாம் வருஷத்து அட்டை ஒன்று, போன வியாழக்கிழமை கொடுத்த பாரம் ஒன்று. மீரா ஓரமாக நின்றாள். மேனேஜர் ஹிந்தியில் பொறுமையாகக் கேட்டார். "அம்மா, இந்த ரெண்டு கையெழுத்தும் உங்களுடையதுதானே?"

கோபு அவசரமாகத் தலையாட்டினான். கல்பனா இரண்டு தாளையும் கிட்டே இழுத்துப் பார்த்தாள். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது.

"ரெண்டும் என்னுது இல்ல" என்றாள் ஹிந்தியில். "இது இவுக போட்டது. இது, இவுக போட்டதப் பாத்து நான் போட்டது."

கல்பனா மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். பாரத்தின் ஓரத்தில், அவசரமில்லாமல், குண்டு குண்டாகத் தன் பேரைத் தமிழில் எழுதி, மேனேஜர் பக்கம் திருப்பிவைத்தாள். மீரா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். மேனேஜர் போனை எடுத்து யாரையோ வரச்சொன்னார். கதவைச் சாத்தும்படி பியூனுக்குச் சைகை காட்டினார்.

கோபு நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றான். உதடு வெளுத்துப்போயிருந்தது.

"என்னட்டி செஞ்சிட்ட? நாம சாவுற வரைக்கும் உள்ள சோறுல்லா அது. மொத்தமும் போயிருமே."

"போட்டும்" என்றாள் கல்பனா. "எம் பேர்ல உள்ளதுதான? போனா எனக்குத்தான போவுது."